ஆறாம் கேள்விக்கு நீ எழுதிய விடை

இன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கிப் பொகவந்தலாவைக் கடைத்தெரு வழியாக நடந்துகொண்டிருந்தேன். உன் சாப்பாட்டுக் கடை இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் முழுவதும் கைத்தொலைபேசிக்கான உறைகளும் கம்பிகளும் தொங்குகின்றன. பின்பக்கம் மட்டும் உன் பழைய அடுப்பங்கரை அப்படியே இருக்கிறது போலிருக்கிறது. அங்கே யாரோ காய்ந்த எண்ணெயில் வெங்காயத்தையும் ரம்பை இலையையும் போட்டு வதக்கினார்கள். அந்த வாசனை தெருவுக்கு வந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன.

"டீச்சரம்மா, வாங்க, வாங்க. ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க. புள்ளைங்க ஒண்ணும் ஓடிப் போயிற மாட்டாங்க."

நீ அப்படித்தான் கூப்பிடுவாய். தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்து, ஒரே வருடத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்த என்னைக் கிண்டல் செய்வதற்கென்றே அந்த 'வாங்க'. மற்ற நேரமெல்லாம் 'ஏய்' தான். இன்று யாரும் கூப்பிடவில்லை. ஒரு நிமிடம் நின்று அந்த வாசனையை முகர்ந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று அன்றிலிருந்தே நினைத்திருக்கிறேன். இன்று பாடசாலை விட்டு, வகுப்பில் யாரும் இல்லாத நேரத்தில் எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் பத்து வயதிருக்கும். தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவின் உச்சியில் நின்றால், மழை பெய்து வெளுத்த காலையில் கடல் தெரியும் என்று யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினாய். அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே படிக்கட்டு வழியாக ஏறினோம். உச்சிக்குப் போனதும் நீ கையை நீட்டினாய்.

"தெரியுது பாரு. வெள்ளையா ஒரு கோடு."

"அது மூட்டம்."

"மூட்டமில்ல, கடல்தான். அசையுது பாரு."

எனக்குத் தெரிந்ததெல்லாம் மலைக்குப் பின்னால் மலை. அன்று மாலை நீ லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய், கடலைப் பார்த்துவிட்டேன் என்று. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த உன் அம்மா, "கடலு எந்த நெறம்டா?" என்று கேட்டபோது சற்றும் தயங்காமல் "நீலம்" என்றாய். நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சாதாரண தரப் பரீட்சை நம்மைப் பிரித்தது. நான் தேறினேன், நீ தேறவில்லை. கொழும்பில் ஒரு ஹோட்டல் அடுப்பங்கரைக்குப் போனாய். தேங்காய் துருவுவதில் தொடங்கிக் கறிச் சட்டிக்கு வந்துவிட்டாய் என்று தீபாவளிக்கு வந்தபோது பெருமையாகச் சொன்னாய். அங்கேதான் உனக்குச் சூசை கூட்டாளியானார். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், கத்தோலிக்கர், பாத்திரம் கழுவும் வேலை. ஹோட்டலில் மலையகத்து ஆட்கள் நீங்கள் இரண்டே பேர். கொழும்புக்காரர்கள் உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தபோது இருவரும் சேர்ந்தே கோபப்பட்டீர்களாம். பிறகு ஒரு சரக்குக் கப்பலில் சமையலுக்கு ஆள் தேவை என்று யாரோ சொல்ல, இருவரும் ஒன்றாகவே ஏறினீர்கள். இருவருக்கும் நீந்தத் தெரியாது.

இரண்டாம் வருடத்தில் அந்தக் கப்பல் மூழ்கியது. சில மாதம் கழித்து நீ மட்டும் திரும்பி வந்தாய். முறிந்த இடது கை, முழங்கைக்குக் கீழே கோணலாகப் பொருந்தியிருந்தது. சூசையை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னாய். அவர் மனைவி மேரியிடமும் போய் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு உடப்புசல்லாவைப் பக்கமே நீ போகவில்லை. கடை போட்டாய், கல்யாணம் கட்டினாய், இரண்டு பெண் பிள்ளைகள். கடலைப் பற்றிக் கேட்டால், "உப்புத் தண்ணி, வேறென்ன" என்பாய்.

இப்படியே இருபது வருடம் போனது.

எட்டாம் தரத்துக்கு நான் தமிழ் எடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. கிரகித்தல் பாடம் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. ஒரு பந்தியைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்டால், பிள்ளைகள் பந்தியை வாசிப்பதே இல்லை. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடுவார்கள். அது இருக்கும் வரியை அப்படியே பார்த்து எழுதுவார்கள். விடை சரியாகவும் இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் விளங்கியும் இருக்காது. ஒரு நாள் உன் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லிப் புலம்பினேன். மழைக்காலம், கடையில் ஆளில்லை. நீ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பணப்பெட்டிக்குக் கீழேயிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாய்.

"இதப் பாரு. ஆனா சிரிக்கக் கூடாது."

கப்பல் மூழ்கிய நாளை நீ எழுதி வைத்திருந்தாய். எப்போது எழுதினாய் என்று கேட்டேன். "மழை பெய்யுறப்பல்லாம்" என்றாய். வீட்டுக்குக் கொண்டுபோய் அன்று மாலையே வாசித்து முடித்தேன். நான் சிரிக்கவில்லை. அலையைப் பற்றி நீ எழுதியிருந்த வரி இன்னும் மனப்பாடம்: 'ஏழாம் நம்பர் மலை எழும்பி நம்மைப் பார்த்து நடந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.' தேயிலை மலையைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக யார் அலையைக் காட்டமுடியும்?

எழுத்துப் பிழைகள் மட்டும் நிறைய இருந்தன. ரகரமும் றகரமும் உனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. 'கரை ஏறினேன்' என்பதற்குக் 'கறை ஏறினேன்' என்று எழுதியிருந்தாய். அதை நான் சுட்டிக் காட்டியபோது, "என்னத்த, ஏறினோமா இல்லையா, அதான் முக்கியம்" என்றாய். பிழைகளைத் திருத்தி, ஆறு பந்திகளாகச் சுருக்கி, எட்டுக் கேள்விகள் எழுதினேன். கேள்வி ஆறு: 'சூசைக்கு என்ன நடந்தது?' நான் வைத்திருந்த விடை: 'பெரிய அலை அவரை அடித்துச் சென்றது.' இரண்டு புள்ளிகள்.

முப்பத்தொரு பிள்ளைகளும் அந்தத் தாளை வாசித்தார்கள். உண்மையிலேயே வாசித்தார்கள். இடைவேளை மணி அடித்தும் எழும்பவில்லை. 'இவர் யார், நம்ம தோட்டமா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பிடிவாதம். அடுத்த வாரம் நீ வந்தாய். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்தாய். நாம் படித்த அதே கட்டடம். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாய், நான்தான் தடுத்தேன்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகள் நினைவிருக்கிறதா?

"கடல் தண்ணியில தேத்தண்ணி ஊத்தலாமா மாமா?"

"ஊத்தலாம். நீயே குடிச்சுக்கணும்."

"கப்பல் ஆடுறப்ப சோறு எப்படி வடிப்பீங்க?"

அதற்கு நீ சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, கப்பலோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து காட்டினாய். வகுப்பே உன்னோடு சாய்ந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன. பின்வரிசையில் நின்றுகொண்டு, இந்த யோசனை எனக்கு வந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தர்ஷிகா எழும்பினாள். மெலிந்த பிள்ளை, அதிகம் பேசாதவள். கையில் தாள்.

"மாமா, ரெண்டாம் பந்தியில ஒங்க இடது கை ஒடிஞ்சிருச்சுன்னு இருக்கு. அடுப்புல மோதி."

"ஆமா மகள்."

"வலது கைய மிதவை வளையத்துக்குள்ள விட்டுக்கிட்டீங்க. கரை ஏறுற வரைக்கும் அந்தக் கைய எடுக்கவே இல்லன்னு இருக்கு."

"ஆமா."

"அஞ்சாம் பந்தியில, 'இரண்டு கைகளாலும் சூசையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அப்போது அலை வந்தது'ன்னு இருக்கு. அது எந்த ரெண்டு கை?"

அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு விளங்கவில்லை, அதனால் கேட்டாள். நீ குனிந்து உன் இடது கையைப் பார்த்தாய். முகத்திலிருந்த சிரிப்பு இறங்குவதை நான் பார்த்தேன். பிறகு, "எழுதுறப்ப ஏதோ தவறிருச்சு மகள்" என்று சொல்லிவிட்டு, கடையைத் திறந்துபோட்டு வந்துவிட்டேன் என்று புறப்பட்டாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

நீ போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இதை உன்னிடம் பிறகு சொன்னேன், ஆனாலும் மறுபடி எழுதுகிறேன். அந்தப் பிள்ளையைத் திட்டினேன். "பெரிய மனுசர் வந்து பேசுறப்ப இப்படியா கேக்குறது? அதிகப்பிரசங்கி" என்றேன். அவள் உட்கார்ந்து தாளை மடித்துவிட்டாள். விடைத்தாளில் ஆறாம் கேள்விக்கு அவள் எழுதியிருந்தது: 'தெரியாது. கைக் கணக்கு சரிவரவில்லை.' அதற்கு நான் ஏற்கெனவே பிழை போட்டிருந்தேன்.

அன்று மாலை உன் கொப்பியை எடுத்து மறுபடி வாசித்தேன். அவள் சொன்னது சரி. 'கறை ஏறும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை' என்ற வரியில், றகரத்தை அடித்து ரகரமாக்கி, நானே சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். ஐந்து முறை வாசித்த வரி. எழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

பத்து நாள் நீ என் கண்ணில் படவில்லை. கடைக்கு வந்தால் உன் மனைவி, "அவரு அட்டனுக்குச் சாமான் எடுக்கப் போயிட்டாரு" என்பாள். பதினோராம் நாள் நீயே பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாய். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பலகைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாய்.

"காலையில ஏழு மணி இருக்கும், கப்பல் சாஞ்சிருச்சு. ஒரு வளையந்தான் ரெண்டு பேருக்கும். நான் ஒரு பக்கம், சூசை ஒரு பக்கம். பகல் வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தான். மகளுக்குப் பல்லு மொளச்சிருச்சாம், அதப் பத்திப் பேசினான். அப்புறம் வெரலு வெறைச்சுப் போயி, வளையத்துல பிடி வழுக்கிருச்சு. கிட்டக்க இருந்தது என் கைதான். ஒடிஞ்ச கை. அதப் புடிச்சுட்டான்."

துடைப்பதை நிறுத்தினாய்.

"உசிரு போற வலி. 'விடுடா'ன்னு கத்திட்டேன். அவன் என் முகத்தைப் பாத்தான். விட்டுட்டான்."

மறுபடி துணியை எடுத்தாய்.

"அலையெல்லாம் அப்புறந்தான் வந்துச்சு" என்றாய்.

யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள் என்றேன். அது உனக்குப் பிடிக்கவில்லை. உடப்புசல்லாவைக்குப் போய் மேரியிடம் சொல்லப் போகிறேன், நீயும் கூட வா என்றாய். நான் மறுத்தேன். இப்போது அதை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

"இருபது வருசமாச்சு. அந்தப் பொம்பள எப்படியோ மனசைத் தேத்திக்கிட்டு இருக்கும். இப்பப் போயி எதுக்கு? ஒன் மனசு லேசாகுறதுக்கா?"

நீ அதற்குக் கோபப்படுவாய் என்று நினைத்தேன். தலையை ஆட்டிக்கொண்டாய்.

"அப்படியும் இருக்கலாம். ஆனா ஒரு புள்ள கேட்டிருச்சு. இத்தனை வருசத்துல யாருமே கேக்கல, அதனால பொய்யின்னே எனக்குத் தோணல. நீதானே சொல்லுவ, விடை எழுதுற எடத்த வெறுமையா விட்டுட்டு வராதீங்கன்னு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அட்டனில் ஒரு பஸ், நுவரெலியாவில் இன்னொன்று. நுவரெலியாவுக்கு அப்பால் பாதை முழுவதும் மூட்டம். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பெயர்ப்பலகைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய். சின்ன வயதில் நாம் பள்ளிச் சுற்றுலா போனபோதும் அப்படித்தான் வாசித்துக்கொண்டு வந்தாய். உன் மடியில் ஒரு கேக் பெட்டி. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாய்.

மேரி அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தார். இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறவர், விரல் நுனிகளில் தேயிலைக் கறுப்பு. உன்னை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. தெரிந்ததும், "அண்ணே" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நீ உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டே சொல்லிர்றேன் மேரி. உக்காந்தா சொல்ல மாட்டேன்."

சொன்னாய். என்னிடம் சொன்னதை அப்படியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாய். மேரி கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "எந்தக் கை?" என்று கேட்டார். இடது கையை நீட்டினாய். அந்தக் கோணல் எலும்பை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வலிச்சிருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே" என்றார்.

"கூடாது" என்றாய் நீ.

அவர் எழும்பிப் பின்பக்கம் போனார். பைப்பைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். "இன்னைக்குப் போயிட்டு வாங்க. எனக்கு இப்பப் பேச வரல" என்றார். கேக் பெட்டியை வாங்கிக்கொண்டார். அது ஒன்றுதான் அன்று நமக்குக் கிடைத்த ஆறுதல். திரும்பி வரும் வழியில் நீ ஒரு பெயர்ப்பலகையும் வாசிக்கவில்லை. வந்திருக்கக் கூடாதோ என்று என் மனம் அடித்துக்கொண்டது. இத்தனைக்கும் தொடங்கியது என் கேள்வித்தாள்.

மூன்று வாரம் கழித்து மேரி கடைக்குத் தொலைபேசியில் பேசினார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். உன் கை மாவாக இருந்ததால் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாய், அதனால் நானும் கேட்டேன்.

"அண்ணே, நான் யோசிச்சுப் பாத்தேன். அவரு எப்பவும் அப்படித்தான். யாராவது ஒரு சொல்லு சத்தமாச் சொன்னாக் கேட்டுருவாரு. தண்ணி புடிக்கிற பீலியில சண்டை வந்தா, வாளியத் தூக்கிக்கிட்டு பேசாம வந்துருவாரு. நான் அதுக்கும் ஏசுவேன். அலை அடிச்சுட்டுப் போச்சுன்னு நீங்க சொன்னப்ப, அது யாரோ மாதிரிதான் இருந்துச்சு. அலை யாரை வேணும்னாலும் அடிக்கும். இப்ப நீங்க சொன்னீங்க பாருங்க, அது என் வீட்டுக்காரருதான்."

நீ மாவுக் கையோடு அப்படியே நின்றாய்.

"கோவமில்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா கடைசியா மகளோட பல்லைப் பத்திப் பேசினாருன்னீங்களே, அத எத்தனை வருசத்துக்கு முந்தியே எனக்குச் சொல்லியிருக்கலாம். எல்லாத்தையும் எழுதி வைங்கண்ணே, நடந்த மாதிரியே. மகளுக்கு வாசிக்கக் குடுக்கணும்."

அன்று கடையை நேரத்தோடு மூடினாய். ஐந்தாம் பந்தியை எழுத உனக்கு நான்கு நாட்கள் ஆயின. என்னிடம் கொண்டுவந்தபோது, "எழுத்துப் பிழைய மட்டும் பாரு, மத்ததுல கை வைக்காதே" என்றாய். நான் கை வைக்கவில்லை. இம்முறை எல்லா வரியையும் வாசித்தேன். 'நான் விடு என்று சொன்னேன். அவன் விட்டான். என் ஒரு கை வளையத்தில் இருந்தது. அதை எடுத்து அவனைப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.' இவ்வளவுதான் அந்தப் பந்தி. மலை போன்ற அலை அதில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி வகுப்புக்கு வந்தாய். இம்முறை கடைச் சட்டையோடேயே வந்தாய். புதிய பந்தியை நீயே வாசித்தாய், குரல் ஓரிடத்தில் நின்றது. வாசித்து முடித்துவிட்டு, "தர்ஷிகா யாரு?" என்று கேட்டாய், அவளை நன்றாகத் தெரிந்திருந்தும். அவள் பயந்துகொண்டே எழும்பினாள்.

"நீ சரியாத்தான் வாசிச்ச மகள். நான்தான் தப்பா எழுதியிருந்தேன்."

நானும் அங்கேயே, எல்லோர் முன்னாலும், அன்று திட்டியது என் பிழை என்று அவளிடம் சொன்னேன். அவள் தன் தாளைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப எனக்கு அந்த ரெண்டு மார்க்ஸ் உண்டா டீச்சர்?"

முதலில் சிரித்தது நீதான். பிறகு வகுப்பு முழுவதும். சிரித்து ஓய்ந்ததும் அவள் உட்காரவில்லை. இன்னொரு கேள்வி இருந்தது அவளிடம்.

"சூசை மாமா கைய விடாம இருந்திருந்தா, ரெண்டு பேருமே தப்பிச்சிருப்பீங்களா?"

நீ யோசித்தாய்.

"தெரியாது மகள். சாயந்தரம் மீன்புடி வள்ளம் வந்து என்னை வளையத்தோட கரைக்குக் கொண்டு போச்சு. அதுவரைக்கும் தாங்கியிருப்போமா தெரியாது. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அதற்குப் பிறகு வருடா வருடம் எட்டாம் தரத்துக்கு அந்தப் பாடம் வந்தபோதெல்லாம் நீ வந்தாய். சட்டியை இடுப்பில் அணைத்து ஆடிக் காட்டினாய். ஐந்தாம் பந்தி வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக நின்று வாசித்தாய். சூசையின் ஆண்டுப் பூசைக்கு உடப்புசல்லாவைக்குப் போய்வந்தாய். மேரியின் மகள் கல்யாணத்தில் சமையல் பொறுப்பு உன்னுடையது. அன்று நீ எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியதை நான் பார்த்தேன். மேரி உன்னிடம் இன்னமும் சில நேரம் முகம் கொடுக்காமல் இருப்பார் என்றும், அன்றைக்கு நீ பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவாய் என்றும் ஒரு முறை சொன்னாய். "அது அவங்க உரிமை" என்றாய்.

உன் நெஞ்சு இவ்வளவு சீக்கிரம் உன்னைக் கைவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. காலையில் கடைக்குச் சாமான் இறக்கியவன், பகலில் ஆஸ்பத்திரியில் இல்லாமல் போனாய். மேரி இரண்டு பஸ் மாறி வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. உன் பக்கத்தில் உட்கார்ந்தவர் அழவில்லை. என்னிடம் மெதுவாக, "சொல்லாமலே போயிருந்தா நான் இன்னமும் அந்த அலையைத்தான் திட்டிக்கிட்டு இருப்பேன் டீச்சர்" என்றார். பிறகு உன் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தர்ஷிகாவும் வந்திருந்தாள், உயர்தர வகுப்பு படிக்கிறாள் இப்போது. வாசலில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

இந்த வருடம் எட்டாம் தரத்துக்கு உன் பந்தியை நானே வாசித்தேன். எனக்கு ஆடிக் காட்ட வராது. ஐந்தாம் பந்தியில் குரல் நிற்கும் இடம் மட்டும் எனக்கும் அதே இடம்தான்.

போன வாரம் வேறொரு பந்தி கொடுத்திருந்தேன், ஓர் அம்மாவைப் பற்றிய சின்னக் கதை. 'அந்த அம்மா ஏன் ஊருக்குப் போகவில்லை?' என்ற கேள்விக்கு எல்லோரும் 'காய்ச்சல் வந்ததால்' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் 'அவருக்குப் போக விருப்பமில்லை' என்று எழுதியிருந்தாள். பிழை போடப் பேனாவைத் தூக்கிவிட்டேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பந்தியை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். மேசையில் இன்னும் பத்தொன்பது தாள்கள் கிடந்தன. இரண்டு முறை வாசித்தேன். அந்தப் பிள்ளை சொல்வதற்கு அதில் இடமே இல்லை. என் விடைதான் சரி.

ஆனாலும் பிழை போட மனம் வரவில்லை. ஓரத்தில் சிறிதாக எழுதினேன்: 'ஏன் அப்படி நினைத்தாய்? வந்து சொல்.'

இன்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். சற்று முன் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நாளைக் காலை மணி அடிக்குமுன் வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.